அல்சைமர் எவ்வளவு முற்றியிருக்கிறது: எந்த ஸ்கேன் சரியாகச் சொல்லும்?

அல்சைமர் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, எவ்வளவு முற்றியிருக்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே ஸ்கேனை நம்பும் குடும்பங்கள்தான் அதிகம் குழம்பிப்போகின்றன.

முதல் கேள்விக்கு, மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிந்திருப்பதைக் கதிரியக்கப் பொருளின் உதவியால் காட்டும் அமிலாய்டு பெட் ஸ்கேன் அருமையான கருவி. ஆனால் அமிலாய்டு படிவு, மறதி தெரிவதற்கு 15, 20 ஆண்டுகள் முன்பே சேரத் தொடங்கிவிடுகிறது. அறிகுறிகள் வரும்போது அது ஏறக்குறைய உச்சத்தைத் தொட்டிருக்கும். அப்புறம் நோயாளி தளர்ந்துகொண்டே போவார், படத்திலோ பெரிய மாற்றம் இருக்காது.

டௌ என்ற இன்னொரு புரதத்தைக் காட்டும் டௌ பெட் அப்படியில்லை. மூளையில் டௌ புரதம் பரவும் பாதையை 1991-இலேயே பிராக் தம்பதியர், இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்து படிநிலைகளாக வகுத்தார்கள். நினைவுக்கான பகுதியையொட்டித் தொடங்கி, மெல்ல மூளையின் வெளியடுக்கான மேற்புறணி முழுக்கப் பரவுகிறது. அதே பரவலை உயிரோடிருப்பவரிடம் பார்க்க உதவும் ஃப்ளார்டௌசிபிர் என்ற கதிரியக்கச் சுவடுபொருளுக்கு அமெரிக்காவில் 2020-இல் அனுமதி கிடைத்தது. டௌ எங்கே சேர்கிறதோ அந்தப் பகுதியின் திறன்தான் குறைகிறது. மேற்புறணியின் பின்பகுதியில் சேர்ந்தால் பார்ப்பதைப் புரிந்துகொள்வதில் தடுமாற்றம், இடப்பக்க மொழிப் பகுதிகளில் சேர்ந்தால் சொல் கிடைக்காத தவிப்பு. நோயின் போக்கைத் தொடர எதை நம்புவீர்கள் என்று கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன். மிக ஆரம்பநிலை டௌ இதில் தப்பிவிடலாம். செலவும் அதிகம், வசதியுள்ள மையங்களும் குறைவு.

குளுக்கோஸ் பயன்பாட்டைக் காட்டும் எஃப்டிஜி பெட், மூளையின் நெற்றி, பொட்டுப் பகுதிகளைத் தாக்கும் மறதிநோயிலிருந்து (ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியா) அல்சைமரைப் பிரித்தறிய நன்றாக உதவும். தொடர் கண்காணிப்புக்கு எனக்கு அது இரண்டாம்பட்சம்தான்.

நடைமுறையில் பெரும்பாலோருக்குக் கிடைப்பது எம்ஆர்ஐ. கதிர்வீச்சு இல்லை, திரும்பத் திரும்ப எடுக்கலாம். முதுமையில், நினைவுக்கான பகுதியான ஹிப்போகாம்பஸ் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் சுருங்கும், அல்சைமரில் அது 3 முதல் 5 சதவீதம் வரை போகிறது. ஆனால் ஒரு சிக்கல்: லெகனமாப், டொனனமாப் போன்ற அமிலாய்டு நீக்கும் மருந்துகளைப் பெறுவோரின் மூளை, பெறாதவர்களைவிடக் கூடுதலாகச் சுருங்குவதாகச் சோதனைகளில் தெரிந்தது. அவர்களிடம் சுருக்கத்தை மட்டும் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று முடிவுகட்டக்கூடாது. இதே மருந்துகளால் மூளையில் வரும் வீக்கத்தையும் நுண்ணிய இரத்தக்கசிவையும் கண்டுபிடிக்கவும் எம்ஆர்ஐதான் வேண்டும்.

எம்ஆர்ஐ எடுப்பதென்றால் முடிந்தவரை அதே இயந்திரத்தில், அதே அமைப்புகளோடு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இயந்திரம் மாறினாலே அளவு சில சதவீதம் மாறிவிடக்கூடும், நாம் தேடும் வித்தியாசமும் அவ்வளவுதான்.