நண்பர்களோடு வீடியோ பகிர்ந்து பேச: வட்ஸ்அப்பா, டெலிகிராமா?

"மச்சான் இதப் பாரு, சரியான பகிடி" என்று குறூப்பில் ஒரு லிங்க் விழுகிறது. தட்டினால் 48 நிமிட வீடியோ. பகிடி எந்த இடத்தில் என்று சொல்ல ஆளில்லை. கேட்பதற்குள் அதன் மேல் இருபது குட் மோர்னிங் படங்கள் ஏறிவிடும். நாலு பேர் வீடியோ பார்த்துப் பேசிக்கொள்ள ஒரு செயலி உதவுமா என்பதை இரண்டு விஷயங்களில் பார்த்துவிடலாம். வீடியோவில் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்ட முடிகிறதா? அதைப் பற்றிய பேச்சு அந்த வீடியோவோடு ஒட்டி நிற்கிறதா?

இதில் டெலிகிராம்தான் முன்னால் நிற்கிறது. குறூப்பில் வந்த வீடியோவுக்கோ யூடியூப் லிங்குக்கோ ரிப்ளை போட்டு, "12:40ல அவர்ட முகத்தப் பாரு" என்று எழுதினால் போதும். 12:40 என்பது தட்டக்கூடிய லிங்காக மாறிவிடும். தட்டுகிறவருக்கு வீடியோ அங்கிருந்தே ஓடும். ரிப்ளையாக இல்லாமல் தனிச் செய்தியாக எழுதினால் அது வெறும் எண்ணாகவே கிடக்கும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். நேரடியாக ஏற்றும் வீடியோ 2 ஜிபி வரை போகும், முழுதாக இறங்கும்வரை காத்திராமல் ஓடவும் தொடங்கும். பிந்திச் சேருகிறவருக்குப் பழைய பேச்சு தெரிகிற மாதிரியும் வைக்கலாம்.

குறை, ஆளில்லாததுதான். கொழும்பில் மாமி, ஒஃபிஸ், டியூஷன், பழைய பள்ளிக்கூட பெட்ச் எல்லாம் வட்ஸ்அப்பில் குடியிருக்கின்றன. டெலிகிராமின் சாதாரண உரையாடல் முனைக்கு முனை மறைகுறியாக்கப்பட்டதல்ல, அதாவது அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டுமே படிக்கும்படி பூட்டப்பட்டதல்ல என்பதும் நினைவிருக்கட்டும்; சீக்ரெட் செட் எனும் இரகசிய உரையாடல் மட்டும்தான் அப்படி, அது குறூப்புக்குக் கிடையாது. டெலிகிராமைப் போட்டவுடன் அதன் பிரைவசி பகுதிக்குப் போய், குறூப்பில் உங்களைச் சேர்க்கும் உரிமையை உங்கள் கொன்டக்டில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் முன்பின் தெரியாதவர்கள் முதலீட்டுக் குறூப்புகளில் இழுத்துப் போடுவார்கள்.

வட்ஸ்அப்பில் நேரத்தைக் கையால்தான் ஒட்ட வேண்டும். யூடியூப் செயலியில் ஷெயார் கொடுத்துக் கொப்பி செய்தால் வரும் குறுகிய லிங்கில், கேள்விக்குறிக்குப் பின் எஸ்ஐ என்று தொடங்கும் ஒரு நீண்ட வால் இருக்கும். கேள்விக்குறியிலிருந்து கடைசிவரை அழித்துவிட்டு, மறுபடி கேள்விக்குறி, ஆங்கிலச் சிறிய எழுத்து டி, சமக்குறி, வினாடி எண் என்று இடைவெளி விடாமல் எழுதுங்கள். 12:40க்கு 760. வாலை அழிக்காமல் இரண்டாவது கேள்விக்குறி போட்டால் நேரம் வேலை செய்யாது, வீடியோ முதலிலிருந்தே ஓடும். கணினியின் முகவரிப் பட்டையில் எடுத்த நீண்ட லிங்கில் இந்த வெட்டலைச் செய்யாதீர்கள்; அதில் கேள்விக்குறிக்குப் பின்னால்தான் வீடியோவின் அடையாளமே இருக்கிறது. அங்கே வீடியோவின் கீழுள்ள ஷெயார் பெட்டியிலேயே தொடங்கும் நேரத்துக்கு ஒரு கட்டம் உண்டு. சொல்ல வந்த இடத்துக்கு ஐந்து வினாடி முன்னால் வைப்பது நல்லது. சிரிப்பில் தொடங்கினால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விளங்காது.

லிங்காக இல்லாமல் ஃபைலாக அனுப்பினால் வட்ஸ்அப் சுருக்கிவிடும்: படத்தின் தெளிவு சாதாரணமாக 480பி, 2023இல் வந்த எச்டி தெரிவில் 720பி (எண் குறைந்தால் தெளிவும் குறைவு). கிரிக்கெட் ஸ்கோர் போன்ற சின்ன எழுத்துகள் முதலில் சாகும். அப்படியே போக வேண்டுமென்றால் டொக்கியுமென்ட் ஆக அனுப்புங்கள், 2 ஜிபி வரை போகும். வந்த வீடியோவை கலரியில் சேமித்து மறுபடி ஏற்றினால் இன்னொரு முறை நசுங்கும். ஃபோர்வர்ட் செய்தால் அந்தச் சேதம் இல்லை. ஆனால் இரட்டை அம்புக்குறியோடு வந்தது பலமுறை கைமாறியது, அதை ஒரு நேரத்தில் ஓர் ஆளுக்கு அல்லது ஒரு குறூப்புக்கு மட்டுமே அனுப்பலாம். பலமுறை கைமாறிய வீடியோ எப்போது, எங்கே எடுத்தது என்று பார்க்காமல் பேச்சைத் தொடங்குவது வீண்சண்டை.

டேட்டா விஷயம் தனி. வட்ஸ்அப்புக்கு மட்டுமான பேக்கேஜ் போட்டிருப்பவர் 100ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகையில் அந்த லிங்கைத் தட்டினால், வீடியோ வருவது யூடியூப்பிலிருந்து. கழிவது சாதாரண டேட்டா, கார்டில் மிச்சமிருந்தால் அந்தக் காசு. நீளமானதை நைட் டேட்டாவுக்கு ஒதுக்கிவிட்டு, பகலில் தரத்தை 360பிக்கு இறக்கிப் பார்க்கலாம். வட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அன்ட் டேட்டா பகுதியில், மொபைல் டேட்டாவில் எதுவும் தானாக இறங்காதபடி எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள்.

இன்ஸ்டகிராம் ரீல் லிங்க் குறூப்புக்குத் தோதில்லை. கணக்கில்லாதவரை உள்நுழையச் சொல்லி மறிக்கும். பிரைவட் கணக்கின் ரீல், பின்தொடராதவருக்குத் திறக்கவே திறக்காது.

சேர்ந்து பார்ப்பதற்கு வட்ஸ்அப் வீடியோ அழைப்பில் திரைப் பகிர்வு உண்டு, 2024இலிருந்து ஒலியும் போகிறது. கேட்க நன்றாக இருக்கும். பகிர்கிறவரின் அப்லோட் வேகம் குறைந்தால் எல்லோருக்கும் படம் கஞ்சியாகிவிடும், உங்களுக்கு வரும் நோட்டிபிகேஷனும் திரையில் ஏறும், நெட்ஃப்ளிக்ஸ் போன்றவை கறுப்புத் திரையைத்தான் காட்டும். இதைவிட எளிய வழி, குரல் அழைப்பை மட்டும் எடுத்து அவரவர் தம் திரையில் அதே வீடியோவை ஓடவிடுவது. வீடியோவை இன்னொரு கருவியில் ஓடவிட்டு, ஹெட்போன் போடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் வீட்டு ஒலி மற்றவருக்கு எதிரொலிக்கும். விளம்பரம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வராது. ஆகவே முதல் விளம்பரம் முடிந்ததும் 0:05இல் எல்லோரும் நிறுத்தி, "மூன்று, இரண்டு, ஒன்று" எண்ணித் தொடங்குங்கள். 8 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவில் நடுவிலும் விளம்பரம் புகும். அப்போது முந்திப் போனவர் நிறுத்தி, பிந்தியவர் எந்த வினாடியில் இருக்கிறார் என்று கேட்டுச் சேர வேண்டும்.

வெளிநாட்டுக் கூட்டாளிகளோடு என்றால் கொழும்பு நேரம் இரவு 9 மணியே தோது. கோடையில் லண்டனில் அது மாலை 4:30, டொரோண்டோவில் முற்பகல் 11:30. குளிர்காலத்தில் இரண்டிலும் ஒரு மணி நேரம் குறைத்துக்கொள்ளுங்கள்.