டவுன்லோட் போட்டா மட்டும் கிராஷ் ஆகிற கம்ப்யூட்டரோட ரெண்டு வருஷம்

சும்மா யூஸ் பண்ணும்போது ஒன்னுமே ஆகாது. டைப் பண்ணலாம், வீடியோ பாக்கலாம், பதினஞ்சு டேப் திறந்து வச்சிருக்கலாம், கம்முனு ஓடும். ஒரு பெரிய ஃபைலை டவுன்லோட் போட்டுட்டு எழுந்து போனா, திரும்பி வரும்போது லாகின் ஸ்கிரீன் நிக்கும். நடுவுல எப்பவோ தானா ரீஸ்டார்ட் ஆயிருக்கு. 2 ஜிபி வரைக்கும் பெரும்பாலும் தாங்கிடும், 10 ஜிபின்னா பாதியிலயே போயிடும். இதோட ஒன்பது மாசம் மல்லுக்கட்டினேன், அதுக்கப்புறம் இப்ப பதினாலு மாசமா ஒரு கிராஷ் கூட இல்லாம ஓடுது. அதனால இப்ப எழுதலாம்னு தோணுச்சு, சரி ஆன மறுநாளே எழுதியிருந்தா பாதி தப்பா எழுதியிருப்பேன்.

முதல் ரெண்டு மாசம் நான் நெட் கனெக்‌ஷனைத்தான் சந்தேகப்பட்டேன். ரௌட்டரை மாத்தி, கேபிளை மாத்தி, கடைசியில விண்டோஸையே ரெண்டு தடவை புதுசா போட்டேன். இதுல அடிப்படையா ஒரு விஷயத்தை யோசிக்காம விட்டுட்டேன். நெட் மோசமா இருந்தா டவுன்லோட் தான் நிக்கணும், கம்ப்யூட்டர் நிக்கக்கூடாது. கம்ப்யூட்டரே விழுதுன்னா கோளாறு நம்ம மெஷினுக்குள்ள இருக்கு, டிரைவரோ (ஹார்ட்வேரை விண்டோஸ் ஓட்ட உதவுற ப்ரோகிராம்) ரேமோ டிஸ்க்கோ பவரோ, இதுல ஏதோ ஒன்னு. விண்டோஸை புதுசா போட்டும் திரும்ப வந்ததுக்கு காரணமும் அதுதான், ஒவ்வொரு தடவையும் அதே பழைய நெட்வொர்க் டிரைவர் தானா வந்து உக்காந்துக்கும்.

உருப்படியா பண்ண முதல் வேலை, தானா ரீஸ்டார்ட் ஆகிறதை நிறுத்தினது. சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ்ல அட்வான்ஸ்ட் டேப், அதுக்குள்ள ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி, அங்க ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்ங்கிற டிக்கை எடுத்துடணும். எடுத்ததும் அடுத்த கிராஷ்ல, விண்டோஸ் விழும்போது காட்டுற நீல எர்ரர் ஸ்கிரீன் அப்படியே நின்னுச்சு, போன்ல போட்டோ எடுத்துக்கிட்டேன். டிரைவர் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்னு இருந்துச்சு, கீழேயே நெட்வொர்க் டிரைவரோட ஃபைல் பேரும் இருந்துச்சு. இந்த எர்ரர் கோடோட நம்பர் ஹெக்ஸ்ல, அதாவது 16-ஐ அடியா வச்சு எண்ற முறையில, டி1. ஒரு டிரைவர், தொடக்கூடாத நேரத்துல தொடக்கூடாத மெமரி இடத்தை தொட்டுடுச்சுன்னு அர்த்தம்.

மெஷின்ல நடந்ததை விண்டோஸ் பதிஞ்சு வைக்கிற ஈவென்ட் வியூயர்ல போய் பாக்கிறவங்க எல்லாரும் கெர்னல் பவர் 41-ங்கிற பதிவை பாத்துட்டு பவர் சப்ளை போச்சுன்னு பயப்படுறாங்க, நானும் பயந்தேன். அந்த 41 சொல்றது ஒன்னே ஒன்னு தான், போன தடவை மெஷின் ஒழுங்கா ஷட்டவுன் ஆகலைன்னு. அதைத் திறந்து டீட்டெயில்ஸ்ல பக்செக் கோட்னு ஒரு நம்பர் இருக்கும், அதைத்தான் பாக்கணும். அது 0-ன்னு இருந்தா நீல ஸ்கிரீன் எதுவும் பதிவாகல, அப்ப பவர், சூடு, இல்ல மொத்தமா ஹேங் ஆனது, இப்படி யோசிக்கலாம். எனக்கு 209-ன்னு இருந்துச்சு. அங்க நம்பரை சாதாரண டெசிமல்ல காட்டும், ஹெக்ஸ்ல மாத்தினா அதே டி1 தான். இது தெரியாம ஒரு வாரம் 209-னு தேடிட்டு இருந்தேன்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள மினிடம்ப்னு ஒரு ஃபோல்டர் இருக்கு, ஒவ்வொரு நீல ஸ்கிரீனுக்கும் அங்க ஒரு சின்ன ஃபைல் விழும். நிர்சாஃப்டோட ப்ளூஸ்கிரீன்வியூ இலவசம், அதுல திறந்து பாத்தா அஞ்சுல நாலு கிராஷ் ஒரே டிரைவரை காட்டுச்சு, அஞ்சாவது நெட்ஐஓன்னு விண்டோஸோட சொந்த ஃபைலை காட்டுச்சு. விண்டோஸ் ஃபைல் பேர் வந்துட்டா உடனே விண்டோஸ்தான் தப்புன்னு முடிவு பண்ணக்கூடாது, பல நேரம் வேற ஏதோ டிரைவர் பண்ணின குளறுபடி அது கையில இருக்கும்போது வெடிக்குது, அவ்வளவுதான். ஆன்டிவைரஸ், விபிஎன் மாதிரி ப்ரோகிராம்கள் நெட்வொர்க் வழியில நடுவுல ஒரு ஃபில்டர் மாதிரி உக்காந்திருக்கும், அதனால எல்லாத்தையும் ஒரு தடவை கழட்டி பாத்தேன். எப்பவோ அன்இன்ஸ்டால் பண்ண ஒரு விபிஎன்னோட அடாப்டர் டிவைஸ் மேனேஜர்ல மறைஞ்சு கிடந்துச்சு, ஷோ ஹிடன் டிவைசஸ் போட்டாத்தான் தெரியும். எடுத்தேன், ஆனா அது காரணம் இல்ல.

இந்த ரெண்டு வருஷத்துல எனக்கு நிஜமா உதவின யோசனை என்னன்னா, டவுன்லோட்ங்கிறது ஒரு வேலை இல்ல. நெட்வொர்க் சிப்பு டேட்டாவை வாங்குது, சிபியு அதோட என்க்ரிப்ஷனை அவிழ்க்குது, ரேம்ல தங்குது, அப்புறம் டிஸ்க்குக்கு போகுது, எல்லாம் ஒரே நேரத்துல நடக்குது. அதனால டவுன்லோட்ல கிராஷ்னா இதுல எது விழுதுன்னு தெரியாது, தனித்தனியா பிரிச்சுத்தான் ஓட்டி பாக்கணும். ஐபெர்ஃப்3-ன்னு ஒரு சின்ன டூல் இருக்கு, வீட்ல இன்னொரு கம்ப்யூட்டர் இருந்தா ரெண்டுக்கும் நடுவுல டேட்டாவை ஓட விடும், டிஸ்க்கை தொடாது. டீஃபால்ட்டா பத்து செகண்ட் தான் ஓடும், டைம் ஆப்ஷன்ல 3600 கொடுத்தா ஒரு மணி நேரம், ரிவர்ஸ் ஆப்ஷன் கொடுத்தா நம்ம மெஷின் வாங்குற பக்கமா மாறும், அதாவது டவுன்லோட் மாதிரியே. இருபதாவது நிமிஷம் நீல ஸ்கிரீன். அதே மெஷின்ல எக்ஸ்டர்னல் டிஸ்க்ல இருந்து 40 ஜிபி காப்பி பண்ணேன், ஒன்னும் ஆகல. அடுத்து போனை யூஎஸ்பி கேபிள்ல கனெக்ட் பண்ணி அதோட நெட்ல டவுன்லோட் போட்டேன், அது வேற டிரைவர் வழியா போகும், அதுலயும் ஒன்னும் ஆகல. அப்ப நெட்வொர்க் (லேன்) சிப்பும் அதோட டிரைவரும் மட்டும்தான் மிச்சம். ரெண்டு மாசமா தெரியாதது ஒரே சாயங்காலத்துல தெரிஞ்சுது.

பழைய டிரைவரை டிவைஸ் மேனேஜர்ல அன்இன்ஸ்டால் பண்ணும்போது டிரைவர் சாஃப்ட்வேரையும் டிலீட் பண்ணுங்கிற டிக்கை போட்டு எடுத்துட்டு, சிப்பு தயாரிச்சவங்க சைட்ல இருந்து புதுசு எடுத்து போட்டேன். கூடவே அந்த சிப்போட செட்டிங்ஸ்ல பவர் மேனேஜ்மென்ட் டிக், எனர்ஜி எஃபிஷியன்ட் ஈத்தர்நெட், லார்ஜ் சென்ட் ஆஃப்லோட் மூணையும் ஆஃப் பண்ணேன். நாலையும் ஒரே நேரத்துல மாத்தினது தப்பு, கிராஷ் நின்னுச்சு ஆனா எதனால நின்னுச்சுன்னு தெரியல. அதனால அடுத்த மாசம் ஒவ்வொன்னா திரும்ப ஆன் பண்ணி ஒவ்வொன்னுக்கும் ஒரு மணி நேரம் ஐபெர்ஃப் ஓட்டினேன், மூணுக்கும் சம்பந்தமே இல்ல, டிரைவர் மட்டும்தான். இப்ப அந்த மூணும் ஆன்ல தான் இருக்கு.

ஏழு வாரம் நிம்மதி. அப்புறம் திரும்ப கிராஷ். இந்த தடவை வேற மாதிரி, ஒரு நாள் மெமரி மேனேஜ்மென்ட், இன்னொரு நாள் பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா, ஒரு நாள் பிரவுசர் மட்டும் தானா மூடிக்கும். கோடு ஒவ்வொரு தடவையும் மாறுது, மினிடம்ப்ல காட்டுற ஃபைலும் மாறுது. ஒரே டிரைவர் திரும்ப திரும்ப வந்தா அந்த டிரைவரை பிடிக்கலாம், இப்படி ஆளுக்கு ஆள் மாறினா எனக்கு இப்பல்லாம் முதல்ல ரேம் மேலதான் கண்ணு போகும். அப்ப அது தெரியல, திரும்ப டிரைவர்லயே மூணு வாரம் வீணாக்கினேன்.

கதவை திறந்துவிட்டது ஒரு ஜிப் ஃபைல். டவுன்லோட் முடிஞ்சு விரிக்கும்போது சிஆர்சி எர்ரர், அதாவது உள்ள இருக்கிற டேட்டா மாறியிருக்குன்னு, திரும்ப டவுன்லோட் பண்ணா சரியா விரியுது, இன்னொரு தடவை பண்ணா வேற இடத்துல எர்ரர். லினக்ஸ் ஐஎஸ்ஓ ஃபைல்களுக்கு அந்தந்த சைட்லயே ஹேஷ்னு, ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு எஸ்எச்ஏ256 எண் போட்டிருப்பாங்க, பவர்ஷெல்ல கெட்-ஃபைல்ஹேஷ் கொடுத்தா நம்ம ஃபைலோட எண் வரும், ரெண்டும் ஒன்னா இருக்கணும். எனக்கு ஒத்துவரல. சரி நெட்ல கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன், ஆனா எச்டிடிபிஎஸ்ல வர்ற டேட்டா வழியில ஒரு பிட் மாறினாலும் அந்த கனெக்‌ஷனே முறிஞ்சிடும், கெட்ட டேட்டாவை உள்ள விடாது. சர்வர்ல இருக்கிற ஃபைலே கெட்டிருந்தா எத்தனை தடவை எடுத்தாலும் ஒரே தப்பான எண்தான் வரணும். எனக்கு ஒவ்வொரு தடவையும் வேற வேற எண். அப்ப என்க்ரிப்ஷன் அவிழ்ந்த பிறகு என் மெஷினுக்குள்ளதான் மாறுது. மெஷினை ரீஸ்டார்ட் பண்ணி, டிஸ்க்ல இருக்கிற அதே ஃபைலுக்கு திரும்ப ஹேஷ் போட்டேன், அதுவும் மாறியிருந்துச்சு. அதைப் பாத்ததும் நிஜமாவே வயித்தை பிசைஞ்சுது.

விண்டோஸோட மெமரி டயக்னாஸ்டிக் ஒரு தடவை ஓட்டினேன், குறை ஒன்னும் இல்லைன்னு சொல்லிடுச்சு. அதோட விட்டிருந்தா இன்னும் தேடிட்டே இருந்திருப்பேன். ரேமை சோதிக்கிற மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவ்ல போட்டு ராத்திரி முழுக்க ஓட விட்டேன், முதல் பாஸ் சுத்தமா போச்சு, ரெண்டாவது பாஸ்ல சிவப்பு வரி. ஒரே ஒரு எர்ரர் வந்தாலும் அது எர்ரர் தான், இதுல பரவாயில்லைன்னு ஒன்னு கிடையாது. பயாஸ்ல, ரேமை கூடுதல் ஸ்பீடுல ஓட்டுற எக்ஸ்எம்பியை ஆஃப் பண்ணி ரேமை சாதாரண ஸ்பீடுக்கு இறக்கினேன், எர்ரர் குறைஞ்சுது, நிக்கல. இறக்கினதுல நின்னிருந்தா ரேம் நல்லா இருக்கு, அந்த ஸ்பீடு தான் தாங்கலைன்னு விட்டிருக்கலாம். அப்புறம் ரெண்டு 8 ஜிபி ஸ்டிக்கையும் ஒவ்வொன்னா, ஸ்லாட் மாத்தி மாத்தி போட்டு நாலு ராத்திரி ஓட்டினேன். எர்ரர் ஸ்லாட்டோட போகல, ஒரு ஸ்டிக்கோடவே போச்சு. வாரன்டியில மாத்திட்டேன்.

ரேம் கெட்டிருந்தா எப்பவும்தானே கிராஷ் ஆகணும், ஏன் டவுன்லோட்ல மட்டும்னு கேக்கலாம். தினசரி வேலைக்கு எனக்கு 16-ல அஞ்சாறு ஜிபி தான் ஓடும். பெரிய ஃபைலை டிஸ்க்ல எழுதும்போது விண்டோஸ் சும்மா இருக்கிற ரேமை எல்லாம் கேஷா, அதாவது தற்காலிக தங்குமிடமா எடுத்துக்கும், அப்பத்தான் வழக்கமா தொடாத இடங்களையும் தொடுது. கெட்ட இடத்துல வீடியோவோட ஒரு பிக்சல் விழுந்தா யாருக்கும் தெரியாது, ஜிப்போட ஒரு பிட் விழுந்தா ஃபைல் கெடும், விண்டோஸோட சொந்த டேட்டா விழுந்தா நீல ஸ்கிரீன். இந்த ரெண்டாவது ரவுண்டுல ஐபெர்ஃப் மூணு மணி நேரம் ஓடியும் ஒன்னும் ஆகாததுக்கும் இதுதான் காரணம்னு நினைக்கிறேன், அது கொஞ்சூண்டு மெமரியையே சுத்தி சுத்தி யூஸ் பண்ணும்.

மத்ததையும் பாத்தேன், எனக்கு அதுல எதுவும் இல்ல. டிஸ்க்கோட நிலையை காட்டுற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோல சி5, சி6-ங்கிற வரிகள்ல எண் ஏறினா டிஸ்க் போகுது, சி7 ஏறினா பெரும்பாலும் டேட்டா கேபிள். கேம் டவுன்லோட்ல மட்டும் விழுந்தா சூட்டை பாருங்க, அது இறக்கிக்கிட்டே விரிக்கவும் செய்யும், சிபியு முழுசா ஓடும். டிரைவர்களை வேணும்னே கசக்கி சோதிக்கிற டிரைவர் வெரிஃபையர்னு விண்டோஸ்லயே ஒன்னு இருக்கு, அதை மட்டும் ரெஸ்டோர் பாயின்ட் வைக்காம தொடாதீங்க, பூட் ஆகாம சுத்த ஆரம்பிச்சா சேஃப் மோட்ல போய்த்தான் ரீசெட் பண்ணணும்.

இந்த பதினாலு மாசத்துல பெரிய டவுன்லோட் எல்லாத்துக்கும் ஹேஷ் பாக்குறேன், ஒன்னு கூட மாறல. ஒரு பெரிய சிஸ்டம் அப்டேட்டுக்கு அப்புறம் நெட்வொர்க் டிரைவரோட வெர்ஷன் மாறியிருந்துச்சு, நோட்டுல நம்பர் எழுதி வச்சிருந்ததால கண்டுபிடிச்சு கிராஷ் ஆகிறதுக்கு முன்னாடியே நல்லா ஓடின வெர்ஷனையே திரும்ப போட்டேன்.

ஒரு வேலை மட்டும் இன்னும் முடியல. அந்த கெட்ட ரேம் இருந்த மாசங்கள்ல நான் பேக்கப் எடுத்த போட்டோ, டாக்குமென்ட் எல்லாம் அதே ரேம் வழியாத்தான் காப்பி ஆச்சு. போன மாசம் பழைய டிஸ்க்ல இருக்கிற ஒரிஜினலோட ஹேஷ் போட்டு ஒப்பிட ஆரம்பிச்சேன், இதுவரைக்கும் பதினோரு போட்டோ மாறியிருக்கு, அதுல மூணு திறக்கவே இல்ல. ஒரிஜினல் இருக்கிறதுக்கு சரி, ஒரிஜினலை அழிச்சுட்ட ரெண்டு ஃபோல்டர் இருக்கு, அதை ஒவ்வொரு படமா கையால திறந்து பாத்துட்டு இருக்கேன், இப்போதைக்கு பாதி முடிஞ்சிருக்கு.