இரண்டு வருட பி.எட்.: படித்து முடித்தவளின் கருத்து

அண்ணன் மகள் பி.எஸ்.சி. கணக்கு முடித்துவிட்டாள். "அத்தை, பி.எட். சேரலாமா, அது எப்படி இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நானும் கணக்குதான். கல்யாணமாகி, பையன் மூன்றாம் வகுப்புக்குப் போன பிறகு காரைக்குடிப் பக்கம் ஒரு கல்வியியல் கல்லூரியில் சேர்ந்து முடித்தேன். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் ஆசிரியர் படிப்புக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடியில் கலைக்கல்லூரியைத் தொடங்கினார். 1950இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் வந்தது. அழகப்பா பல்கலைக்கழகம் வந்தது 1985இல். தேவகோட்டைப் பக்கத்துப் பெண்கள்கூடக் காலை பஸ்ஸில் வந்து படித்துவிட்டு, சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம். என்னைப் போல வீட்டையும் பார்த்துக்கொண்டு படிக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது அனுபவித்தால்தான் தெரியும்.

என் அக்கா காலத்தில் பி.எட். ஒரு வருடம்தான், பள்ளிக்கு 40 நாள் போனாள். 2015இல் இருந்து இரண்டு வருடமாகிவிட்டது. முதல் வருடம் 4 வாரம், இரண்டாம் வருடம் 16 வாரம், ஆக மொத்தம் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். இந்தப் படிப்பின் உயிரே அந்த 20 வாரம்தான்.

முதல் வருடத்தில் நுண்ணிலைக் கற்பித்தல் உண்டு. உடன் படிக்கிறவர்களையே மாணவர்களாக உட்கார வைத்து ஐந்தாறு நிமிடம் பாடம் எடுக்க வேண்டும். ஒரு நாள் வினா கேட்கும் திறன், இன்னொரு நாள் விளக்கும் திறன், அப்புறம் கரும்பலகை. குறை சொல்வார்கள், திருத்திக்கொண்டு மறுபடி எடுக்க வேண்டும். கேள்வி கேட்ட கையோடு நானே பதிலையும் சொல்லிவிடுவேன் என்பது அங்கேதான் தெரிந்தது. வீட்டில் மகனிடமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்!

பயிற்சிக்கு ஓர் அரசு நடுநிலைப்பள்ளி. ஆறாம் வகுப்பில் பின்னம். இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஆப்பிள் படம் வரைந்து, வண்ணம் தீட்டி சார்ட் கொண்டுபோயிருந்தேன். நாலில் ஒன்று பெரியதா, எட்டில் ஒன்று பெரியதா என்று கேட்டேன். வகுப்பே "எட்டில் ஒன்று" என்றது. சார்ட்டைக் காட்டிக் காட்டி விளக்கியும் முகங்களில் தெளிவில்லை. கடைசி பெஞ்சில் இருந்து ஒரு பையன் எழுந்தான். அவன் அப்பா வீட்டுத் தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்கிறவர். "டீச்சர், ஓரத்துக்கு எங்கப்பா கல்லை வெட்டுவாரு. நாலா வெட்டினா துண்டு பெருசா இருக்கும். எட்டா வெட்டினா பொடிசாப் போயிரும்" என்றான். பின்னால் உட்கார்ந்திருந்த, அந்தப் பள்ளியின் வழிகாட்டி ஆசிரியை, "அந்தச் சார்ட்டைச் சுருட்டி வைம்மா, அவன் சொன்னதைப் போர்டுல போடு" என்றார். ஒரு சதுரம் போட்டேன். அவனே வந்து கோடு கிழித்தான். அந்த வாரம் முழுக்க அந்தப் பிள்ளைகள் பின்னத்தைக் கல் என்றுதான் சொன்னார்கள். அந்த ஆசிரியை பக்கத்தில் இல்லாவிட்டால் மணி அடிக்கும்வரை சார்ட்டையே பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன்.

மனம் நொந்தது ரெக்கார்ட் விஷயத்தில். செய்த பயிற்சிகளையெல்லாம் எழுதி, படம் போட்டுக் கொடுக்க வேண்டிய நோட்டுதான் ரெக்கார்ட். என் அலமாரியில் 14 ரெக்கார்ட் நோட்டு இருக்கிறது. பாதிக்கு மேல் சீனியர்களிடம் வாங்கிப் பார்த்து எழுதியவை. படம் அழகாக இருந்தால் மதிப்பெண் என்று எங்கள் கல்லூரியில் நடந்தது. பயிற்சி வாரங்களிலேயே, மறுநாள் பாடத்தை யோசிக்க வேண்டிய நேரத்தில், பிள்ளைகளை வைத்துக்கொண்டு ராத்திரி ஒரு மணிவரை ரெக்கார்ட் எழுதிய பெண்களை எனக்குத் தெரியும். அது சரியில்லை, மாற வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. தலைமையாசிரியர் வேலையை யாரும் சொல்லித்தருவதில்லை. தலைவரின் பண்புகள் என்று ஒரு பாடம் வரும், மனப்பாடம் செய்து எழுதுவோம். பயிற்சிப் பள்ளியில் தலைமையாசிரியை அறையில் ஒரு காலைப்பொழுது இருந்து பார்த்தேன். காலை உணவுக் கணக்கு, எமிஸ் என்கிற கல்வித்துறை இணையதளத்தில் பதிவு, தண்ணீர் மோட்டார் ரிப்பேர், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குத் தயாராவது. நடுவில், புதுவயல் அரிசி ஆலையில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, மகளைப் பள்ளியை விட்டு நிறுத்தப்போவதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மற்ற வேலையெல்லாம் அப்படியே கிடக்க, அந்த அம்மாவோடு அரை மணிநேரம் பேசினார் தலைமையாசிரியை. மறுநாள் அந்தப் பெண் வகுப்பில் இருந்தாள். நம் அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும் பணிமூப்பில்தான் அந்த நாற்காலிக்கு வருகிறார்கள். டெல்லியில் நீபா என்கிற கல்வித் திட்டமிடல், நிர்வாகத்துக்கான தேசிய நிறுவனத்தில் பள்ளித் தலைமைக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது. அது பணியில் சேர்ந்த பிறகு. படிக்கும்போதே 20 வாரத்தில் ஒரு வாரத்தைத் தலைமையாசிரியர் அறைக்கு ஒதுக்கினால் என்ன?

பி.எட். முடித்ததும் வேலை என்று நினைத்துச் சேர வேண்டாம். ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை எடுக்க டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாம் தாள் பாஸ் செய்ய வேண்டும். 150 மதிப்பெண்ணில் 30 குழந்தை மேம்பாடும் கற்பித்தலும். குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று சொன்ன பியாஜே, வைகாட்ஸ்கி போன்ற உளவியலாளர்களைக் கல்லூரியில் புரிந்து படித்திருந்தால் அந்த 30க்குத் தனியாகக் கோச்சிங் வேண்டாம்.

சேருகிறவர்கள், கல்லூரிக்கு என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், பயிற்சிக்கு எந்தப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், வகுப்பில் யாராவது கூட உட்காருவார்களா என்று கேளுங்கள். போன வருடம் படித்தவர்களிடமே கேட்டால் உண்மை தெரியும்.

வருகிற திங்கட்கிழமை அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு அந்த நடுநிலைப்பள்ளிக்குப் போகிறேன். வழிகாட்டி ஆசிரியையிடம் பேசி அனுமதி வாங்கிவிட்டேன். ஒரு நாள் முழுக்க ஆறாம் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கட்டும், விண்ணப்பம் வாங்குவதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.