ஃபெனிடாயினா லெவிடிராசிட்டமா: ஐஎன்ஆர் பாக்குற வீட்டுக்கு எது ஒத்து வருது

அம்மாவுக்கு 34 வயசுல மைட்ரல் வால்வு மாத்தினாங்க, சின்ன வயசுல வந்த ருமாட்டிக் காய்ச்சல் பண்ண வேலை. வச்சது செயற்கை வால்வு, அதனால அன்னையிலருந்து ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, எல்லாரும் அசிட்ரோம்னு சொல்ற அசெனோகுமரால். மாசம் ஒரு தடவ ஐஎன்ஆர் டெஸ்ட் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு பாக்கறது), அது 2.5லருந்து 3.5க்குள்ள நிக்கணும். கீழ போனா வால்வுல ரத்தக்கட்டு பயம், மேல போனா ரத்தக்கசிவு பயம். இருபது வருஷத்துக்கு மேல இப்படியே ஓடுச்சு. மூணு வருஷம் முன்னாடி சின்னதா ஒரு ஸ்ட்ரோக் வந்துச்சு, கை கால் திரும்பிருச்சு, ஆனா ஆறு மாசம் கழிச்சு ஒரு நாள் காலைல அடுப்பு முன்னாடி நின்னுக்கிட்டு இருந்தவங்க அப்படியே ஃபிட்ஸ் வந்து விழுந்துட்டாங்க.

எமர்ஜென்சில ஃபெனிடாயின் ஊசி போட்டாங்க, அதுல எனக்கு எந்த குறையும் இல்ல, அந்த நேரத்துல ஃபிட்ஸ் நிக்கறதுதான் முக்கியம். அப்புறம் வீட்டுக்கு வரும்போது அதையே மாத்திரையா எழுதினாங்க, ராத்திரி 300 மில்லிகிராம். எட்டு மாசம் அதுல இருந்தோம். அப்புறம் லெவிடிராசிட்டம்ங்கற இன்னொரு ஃபிட்ஸ் மாத்திரைக்கு மாறினோம். இந்த ரெண்டையும் ஒரே உடம்புல பாத்தவன்ங்கறதால எழுதறேன். நான் லெவிடிராசிட்டம் பக்கம், அத இப்பவே சொல்லிடறேன்.

முதல்ல எல்லாருக்கும் தெரிஞ்சத வேகமா முடிச்சிடலாம். ஃபிட்ஸ நிறுத்தறதுல எங்க வீட்ட பொறுத்தவரைக்கும் ரெண்டும் நல்லாவே வேலை செஞ்சுது. ஃபெனிடாயின் 1938லருந்து புழக்கத்துல இருக்கற மருந்து, விலை கம்மி, ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும். லெவிடிராசிட்டம் 1999ல வந்தது, ரெண்டு வேளை போடணும், விலை கூட, மக்கள் மருந்தகத்துல வாங்குனா கொஞ்சம் குறையும். ஃபெனிடாயின வருஷக்கணக்கா போட்டா ஈறு தடிக்கும், எலும்பு பலம் குறையும். லெவிடிராசிட்டத்துல எரிச்சலும் கோவமும் வரும்னு சொல்வாங்க, அது உண்மைதான், முதல் ரெண்டு மாசம் அம்மா சட்டுனு அழுதாங்க, சட்டுனு கோவப்பட்டாங்க, எதுக்குன்னு அவங்களுக்கே தெரியல, பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. அப்புறம் தணிஞ்சிருச்சு. எல்லாருக்கும் தணியுமான்னு என்னால சொல்ல முடியாது, மனசு சம்பந்தமா ஏற்கனவே பிரச்சினை இருக்கறவங்க இத டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடணும்.

இதெல்லாம் வச்சு முடிவு பண்றதா இருந்தா ரெண்டுல எது வேணா எடுக்கலாம். எங்களுக்கு முடிவு பண்ணுனது ஒரே ஒரு விஷயம்தான், இந்த மாத்திரை பக்கத்துல இருக்கற மாத்திரைய என்ன பண்ணுது.

கல்லீரல்ல மருந்துகள உடைச்சு வெளிய அனுப்பற என்சைம்கள் இருக்கு, சைட்டோக்ரோம் பி450ன்னு ஒரு பெரிய கூட்டம். அதுல 2சி9ன்னு ஒண்ணு, அம்மாவோட அசெனோகுமரால பெரும்பாலும் அதுதான் உடைக்குது. ஃபெனிடாயினையும் பெரும்பாலும் அதேதான் உடைக்குது. ரேஷன் கடைல ஒரே கவுண்டர்ல ரெண்டு வரிசை நிக்கற மாதிரி வச்சுக்கங்க. முதல்ல ரெண்டும் முட்டிக்கும், அசெனோகுமரால் உடைய தாமதமாகும், போதாததுக்கு ரத்தத்துல புரதத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கற இடத்துலருந்தும் ஃபெனிடாயின் அத தள்ளிவிடும், அதனால ஐஎன்ஆர் ஏறலாம். ஆனா நாள் ஆக ஆக ஃபெனிடாயின் கல்லீரல்ட்ட இன்னும் கவுண்டர் தொறன்னு சொல்லுது, கல்லீரலும் என்சைம கூடுதலா தயாரிக்க ஆரம்பிக்குது. புதுசா புரதம் உருவாகணும்ல, அதுக்கு ரெண்டு மூணு வாரம் ஆகும். அதுக்கப்புறம் அசெனோகுமரால் முன்ன விட வேகமா உடைஞ்சு போயிடும், ஐஎன்ஆர் இறங்கும்.

எங்க வீட்ல நடந்தது அப்படியே இதுதான். முதல் வாரம் ஐஎன்ஆர் 3.9, சரின்னு அசெனோகுமரால குறைச்சாங்க. நாலாவது வாரம் 1.7. செயற்கை வால்வு வச்சவங்களுக்கு 1.7ன்னா என்னன்னு ஐஎன்ஆர் எழுதற நோட்டு வச்சிருக்கற வீட்டுக்காரங்களுக்கு தெரியும். எல்லாரும் கேட்ட முதல் கேள்வி "கீரை சாப்பிட்டாங்களா?". முருங்கைக்கீரைல வைட்டமின் கே இருக்கு, அது ஐஎன்ஆர குறைக்கும்ங்கறது உண்மைதான், அதனால அத்தை பாவம் வீட்ல கீரை வாங்கறதயே நிறுத்திட்டாங்க, அம்மா ரெண்டு மாசம் கீரைய கண்ணுல பாக்கல. ஐஎன்ஆர் ஏறவே இல்ல. 2 மில்லிகிராம்ல இருந்த அசெனோகுமரால் 3 ஆச்சு, 3.5 ஆச்சு. கீரைய குத்தம் சொன்ன எங்க யாருக்கும் ஃபிட்ஸ் மாத்திரைய பாக்க தோணல, ஏன்னா அது ஆரம்பிச்சு ஒரு மாசம் ஆயிருந்துச்சு, ஒரு மாசம் முன்னாடி ஆரம்பிச்சது இப்ப எப்படி பண்ணும்னு நினைச்சிட்டோம். ஆரம்பிச்ச நாளும் பாதிப்பு தெரியற நாளும் வேற வேறங்கறதுதான் இதுல பெரிய ஆபத்துன்னு அப்புறம்தான் புரிஞ்சுது.

இன்னொண்ணும் இருக்கு. ஃபெனிடாயின உடைக்கற என்சைமுக்கு ஒரு எல்லை உண்டு. அந்த எல்லை வரைக்கும் டோஸ் ஏத்துனா ரத்தத்துல அளவும் அதுக்கேத்த மாதிரி ஏறும், எல்லைய தொட்டதுக்கு அப்புறம் கொஞ்சம் ஏத்துனாலும் அளவு எங்கயோ போயிடும். அம்மாவுக்கு ரத்தத்துல ஃபெனிடாயின் லெவல் 9 வந்துச்சு, 10லருந்து 20க்குள்ள இருக்கணும்னு 300 மில்லிகிராம 400 ஆக்கினாங்க. பத்து பன்னெண்டு நாள்ல அம்மா நடக்கும்போது தள்ளாட ஆரம்பிச்சாங்க, கண்ணு ஆடுச்சு, மறுபடி ஸ்ட்ரோக்குன்னு நினைச்சு அலறி அடிச்சுக்கிட்டு ஓடினோம். லெவல் 27.

அங்க பாத்த நியூராலஜி டாக்டர் ஒருத்தர்தான் நோட்டு முழுசும் வாங்கி தேதி வாரியா பாத்துட்டு, "அம்மா ரத்த மாத்திரைய இனிமே நிறுத்தவே முடியாது, அப்ப மாத்த வேண்டியது இந்த மாத்திரையத்தான்"னு சொன்னாரு. இத நான் அடிக்கடி நினைச்சுக்குவேன். சும்மா இதயத்துடிப்பு கோளாறுக்காக ரத்தம் உறையாம மாத்திரை போடறவங்களுக்கு அபிக்சபான், ரிவராக்சபான்னு புது மருந்துங்க இருக்கு (அதையும் ஃபெனிடாயின் குறைச்சிடும், அது வேற), ஆனா செயற்கை வால்வுக்கு அந்த வழியே கிடையாது. அந்த புது மருந்துங்கள்ல இன்னொண்ணான டாபிகட்ரான வச்சு பண்ண ஆய்வுல ரத்தக்கட்டும் ரத்தக்கசிவும் கூடுதலா வந்து பாதியிலயே நிறுத்திட்டாங்க, அபிக்சபான் ஆய்வையும் ரத்தக்கட்டு கூடுனதால 2022ல பாதியில நிறுத்திட்டாங்க. ஆக ஒண்ணு அதே வகை பழைய மருந்தான வார்ஃபரின், இல்லன்னா அசெனோகுமரால், அது அசையாது. அசையற பக்கம் ஃபிட்ஸ் மாத்திரைதான்.

லெவிடிராசிட்டம் அந்த கவுண்டர் பக்கமே போறதில்ல. மூணுல ரெண்டு பங்கு அப்படியே சிறுநீர்ல போயிடுது, மீதில பெரும்பகுதிய ரத்தத்துலயே உடைக்கறதுக்கு வேற வழி இருக்கு, சைட்டோக்ரோம் வேலையே இல்ல, புரதத்தோடவும் பெருசா ஒட்டறதில்ல. அதனால யாரையும் தள்ளாது, யாரும் அத தள்ள மாட்டாங்க. சிறுநீரகம் சரியா இருக்கணும், அது ஒண்ணுதான் நிபந்தனை, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற ரத்த அளவு) கூடுனா டோஸ் குறைக்கணும். அம்மாவுக்கு அது நார்மல். டயாலிசிஸ் அளவுக்கு போனவங்க வீட்டு அனுபவம் எனக்கு இல்ல.

இப்ப முக்கியமான இடம், மாறறது. ஃபெனிடாயின சட்டுனு நிறுத்தக்கூடாது, தொடர்ச்சியா ஃபிட்ஸ் வந்துடும், யாரும் தானா நிறுத்திடாதீங்க. லெவிடிராசிட்டம் 500 ரெண்டு வேளை ஆரம்பிச்சு, ஃபெனிடாயின ஒன்றரை மாசத்துல படிப்படியா இறக்கினாங்க. எல்லாரும் இங்க நிம்மதி ஆயிடுவாங்க, நாங்களும் ஆனோம். ஆனா தொறந்து வச்ச கவுண்டருங்க ஒரே நாள்ல மூடாது, கூடுதலா உண்டான என்சைம் மெதுவா கரைய மறுபடி ரெண்டு மூணு வாரம் ஆகும். அம்மா அப்ப 3.5 மில்லிகிராம் அசெனோகுமரால்ல இருந்தாங்க, அது ஃபெனிடாயின் இருந்தப்ப சரியா இருந்த டோஸ். ஃபெனிடாயின் போனதும் அதே டோஸ் அதிகமாயிடுச்சு. ஐஎன்ஆர் 2.9, அடுத்த வாரம் 3.8, அதுக்கடுத்த வாரம் 5.2, காலைல பல் தேய்க்கும்போது வாஷ்பேசின் முழுக்க ரத்தம். டாக்டர் முன்னாடியே வாரா வாரம் ஐஎன்ஆர் பாருங்கன்னு கண்டிப்பா சொல்லியிருந்ததால கண்டுபிடிச்சோம், பழையபடி மாசம் ஒரு தடவன்னு இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிக்கவே பயமா இருக்கு. ரெண்டு நாள் நிறுத்தி, இறக்கி இறக்கி திரும்ப பழைய 2 மில்லிகிராமுக்கே வந்து நின்னுச்சு.

அப்புறம் மூணாவதா ஒரு மருந்து சேரும்போதும் ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் பெருசு. படை, பூஞ்சைன்னு போனா ஃப்ளூகோனசோல் எழுதுவாங்க, அது 2சி9 கவுண்டரையே அடைக்கற மருந்து. அடைக்கறதுக்கு வாரக்கணக்குல காத்திருக்க வேண்டாம், ஓரிரு நாள்லயே ஆரம்பிச்சிடும். ஃபெனிடாயின்ல இருந்தா ஐஎன்ஆரும் ஏறும், ஃபெனிடாயின் லெவலும் ஏறும், ரெண்டையும் துரத்தணும். லெவிடிராசிட்டம்ல ஐஎன்ஆர் மட்டும் பாத்தா போதும். காசநோய்க்கு மருந்து எடுக்கறவங்களுக்கு இன்னும் சிக்கல், ஐசோனியாசிட் ஃபெனிடாயின ஏத்தும், ரிஃபாம்பிசின் இறக்கும், ரெண்டும் ஒரே சிகிச்சைல இருக்கு.

மத்த ஃபிட்ஸ் மருந்துங்கள்ல கார்பமசெபின், ஃபெனோபார்பிட்டால் ரெண்டும் ஃபெனிடாயின் மாதிரியே என்சைம கூட்டற வகை, அதனால எங்களுக்கு அதுல பேச்சே எழல. வால்ப்ரோயேட் எதிர்ப்பக்கம், சில என்சைம்கள அடைக்கும், ரத்தம் உறைய உதவற ரத்தத்தட்டையும் (பிளேட்லெட்) குறைக்கலாம்னு எங்க டாக்டர் வேண்டாம்னுட்டாரு. அத நாங்க போட்டதே இல்ல, அதனால அனுபவமா சொல்ல ஒண்ணும் இல்ல. வேற எந்த தொடர் மாத்திரையும் இல்லாம, மாசச்செலவு பாத்துத்தான் ஓட்டணும்ங்கற நிலமைல இருக்கறவங்க ஃபெனிடாயின்ல நல்லா இருந்தா அத மாத்தச்சொல்ற அளவுக்கு நான் போக மாட்டேன். லெவிடிராசிட்டம்ல ஒரு வேளை விட்டா சீக்கிரம் உடம்புலருந்து போயிடும்ங்கறதும் உண்மை, அதுக்காக காலைல 8, ராத்திரி 8ன்னு என் போன்லயும் அம்மா போன்லயும் அலாரம் வச்சிருக்கேன்.

போன மாசம் அம்மாவுக்கு பல் எடுக்க வேண்டி வந்துச்சு. பல் டாக்டர் மெட்ரோனிடசோல் எழுதினாரு, நான் நோட்ட காட்டி இவங்க அசெனோகுமரால்ல இருக்காங்க சார், இது ஐஎன்ஆர ஏத்தும்ல, வேற குடுக்க முடியுமான்னு கேட்டேன். பொறுமையா படிச்சு பாத்துட்டு அமாக்சிசிலினா மாத்தி, வலிக்கு பாராசிட்டமால் மட்டும் போதும்னுட்டாரு. இருந்தாலும் அஞ்சாவது நாள் டெஸ்ட் எடுத்தோம். 3.1.