மூன்று பச்சை டிக்கை நம்பி ஆறு லட்சம் போச்சு: ஆன்லைன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் கவனிக்க

பல தரப்பு சேர்ந்து ஆன்லைனில் ஒப்பந்தம் போடப் போகிறீர்களா? பணம் விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஆறு லட்சம் முன்பணம் போயிருக்கிறது. தளத்தின் பெயரை எழுதவில்லை. சந்தா வாங்கிக்கொண்டு, மின்னஞ்சலில் லிங்க் அனுப்பி, வரிசைப்படி ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கித் தரும் வகைத் தளம்.

மொத்தம் நான்கு தரப்பு. ஆவணத்தை ஏற்றி அனுப்பியவரே வரிசையில் கடைசி ஆள். மற்ற மூவரும் போட்டதும் திரையில் மூன்று பச்சை டிக், பக்கத்தில் பூட்டுப் படம். "கையொப்பம் போட்ட நொடியிலேயே ஆவணம் பூட்டப்படும்" என்று தளத்தின் உதவிப் பக்கமே சொல்கிறது. "ராத்திரிக்குள் நானும் போட்டுவிடுகிறேன், முன்பணத்தை மட்டும் அனுப்பிவிடுங்கள், வேலை ஆரம்பிக்கட்டும்" என்றார் அனுப்பியவர். அந்தப் பூட்டை நம்பித்தான் ஆறு லட்சமும் போனது.

அவர் போடவே இல்லை. மூன்று கையெழுத்தோடு இருந்த நகலை வேறோர் இடத்தில் காட்டி, இதைவிட நல்ல பேரம் முடித்துக்கொண்டு, அனுப்பியவருக்கு மட்டுமே இருக்கும் 'ரத்து' பொத்தானை அழுத்திவிட்டார். எல்லோர் கணக்கிலிருந்தும் ஆவணம் மறைந்தது.

முன்பே இறக்கி வைத்திருந்த பிடிஎஃப்பைத் திறந்து, ரீடரில் டிஜிட்டல் கையொப்பங்களைப் பட்டியலிடும் கையொப்பப் பலகத்தைப் பார்த்தால் காலி! மூன்று கையெழுத்தும் வெறும் படங்கள். இந்த வகைத் தளங்கள் பலவற்றில் யாரும் தன் சொந்தச் சாவியால், அதாவது தன்னிடம் மட்டுமே இருக்கும் நீண்ட ரகசிய எண்ணால், கையொப்பமிடுவதில்லை. யார் போட்டார், எந்த ஐபி, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் தளத்தின் டேட்டாபேஸில் ஒரு வரி, அவ்வளவுதான். கடைசி ஆளும் முடித்த பிறகே தளம் தன் சாவியால் கோப்பின் மேல் ஒரு முத்திரை வைக்கும். அதுவரை கோப்பில் ஒரு தொகையை மாற்றினாலும் கோப்பை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

சரி, ஒவ்வொருவரும் தனிச் சாவியால் போட்டிருந்தால்? அப்போதும் கடைசியாகப் போடுகிறவர் கைதான் ஓங்கியிருக்கும். மற்றவர்கள் கட்டுப்பட்டுவிட்டார்கள், அவர் மட்டும் இன்னும் கட்டுப்படவில்லை. நம்பகமான நடுநிலை ஆள் இல்லாமல், தற்செயலுக்கு இடமில்லாத நிச்சயமான படிகளை மட்டும் வைத்து இதை நியாயமாக முடிக்கவே முடியாது என்று கணினி அறிவியலாளர்கள் ஈவனும் யாகோபியும் 1980-லேயே நிரூபித்துவிட்டார்கள். பிறகு வந்த, நடுவரை வைத்து ஒப்பந்தம் போடும் வழிமுறைகளில் முதலில் எல்லோரும் 'போடுவேன்' என்ற வாக்குறுதிக் கையொப்பம் கொடுப்பார்கள், அதன் பிறகே அசல். நடுவில் ஒருவர் நின்றுவிட்டால் நடுவர் ஒப்பந்தத்தை எல்லோருக்கும் முடித்து வைப்பார், இல்லை எல்லோருக்கும் ரத்து செய்வார். நடுவராக இருக்க வேண்டிய தளம், ரத்து செய்யும் உரிமையை ஒரு தரப்பின் கையில் தூக்கிக் கொடுத்திருக்கிறது!

சப்போர்ட்டில் கேட்டால், "ரத்து செய்வது அனுப்பியவரின் உரிமை." பதிவு விவரமாவது கொடுங்கள் என்றால், "முடிவடையாத ஆவணத்துக்குச் சான்று கிடையாது." ஆறு லட்சம் என்று திரும்ப எழுதினால், "இது தரப்புகளுக்குள் பேசிக்கொள்ள வேண்டியது." டிக்கெட் மூடப்பட்டது.

விரிவாக எழுதப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

ரத்து உரிமை உள்ளவர் முதலில் போடட்டும். இத்தனை தேதிக்குள் எல்லோரும் போடாவிட்டால் யாரையும் கட்டுப்படுத்தாது என்ற வரி ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். எல்லோரும் போட்டு முடித்த கோப்பு கைக்கு வந்து, ரீடரில் கையொப்பம் செல்லும் என்று காட்டும்வரை ஒரு பைசா கொடுக்காதீர்கள்.