டாங்கிளா, ஆன்லைன் ஆக்டிவேஷனா, லைசென்ஸ் கோப்பா? வேலூர்ப் பக்க வாடிக்கையாளர்களுக்கு எது ஒத்துவரும்

லாட்ஜ் பில்லிங், தோல் தொழிற்சாலை ஸ்டாக், அரிசி ஆலைக் கணக்கு என்று டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் எழுதி விற்பவருக்கு, எழுதி முடித்த பிறகுதான் பாதி வேலையே தொடங்கும். காசு கொடுத்தவர் கம்ப்யூட்டரில் அது ஒழுங்காக ஓட வேண்டும், கொடுக்காதவர் கம்ப்யூட்டரில் ஓடக் கூடாது. இரண்டில் முதலாவதுதான் பெரிது என்பது என் கட்சி. பழைய வடாற்காடு முழுக்க வியாபாரம் வாய்வழியாகத்தான் பரவுகிறது. திருட்டுக் காப்பியால் போகும் பணத்தைவிட, காசு கட்டியவரின் பில்லிங் ஒரு நாள் நின்றால் போகும் பெயர் அதிகம்.

காசு கட்டியவர் கம்ப்யூட்டரில் மட்டும் ஓட வைக்க மூன்று வழிகள். முதலில் டாங்கிள். யுஎஸ்பி போர்ட்டில் செருகும் சின்னக் கருவி. ரகசியச் சாவி அதற்குள்ளேயே இருக்கும். புரோகிராம் கேட்கும் கேள்விக்கு உள்ளேயே கணக்குப் போட்டுப் பதிலை மட்டும் அனுப்பும். அதனால் காப்பி எடுப்பது கடினம். கம்ப்யூட்டர் பழுதானால் பிடுங்கி வேறொன்றில் செருகலாம், யாரையும் கேட்க வேண்டாம். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரே மேஜையில் ஓடும் விலை உயர்ந்த காஸ்டிங் (உற்பத்திச் செலவுக் கணக்கு) சாஃப்ட்வேருக்கு இது சரி. ஆரணி அரிசி ஆலைக்குச் சரிவராது. உமித் தூசி போர்ட்டுக்குள் படியும். பென்டிரைவ் போட இடமில்லை என்று கணக்குப்பிள்ளை டாங்கிளைக் கழற்றி டிராயரில் போட்டுவிடுவார். தொலைந்தால் கூரியர் வரும்வரை பில் கிடையாது. டிரைவர் (கருவியை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருள்) கேட்கும் பழைய வகையாக இருந்தால் விண்டோஸ் மாற்றும்போது இன்னொரு தலைவலி.

அடுத்து ஆன்லைன் ஆக்டிவேஷன். வாடிக்கையாளருக்குக் கொடுத்த லைசென்ஸ் சாவி எண்ணை நம் சர்வர் இணையம் வழியாகச் சரிபார்க்கும் முறை. விற்பவருக்கு மிக வசதி: எந்தச் சாவி எத்தனை இடத்தில் ஓடுகிறது என்று தெரியும், வெளியே கசிந்த சாவியை முடக்கலாம், வருடச் சந்தா வசூலிக்கலாம். ஆனால் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ்களை எடுத்துக்கொள்ளுங்கள். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிக் குடும்பங்கள் காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி நடு இரவில் அறை கேட்பார்கள். பங்களாதேஷ்காரர் தங்கினால் அந்த விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிய வேண்டும். அந்த நேரத்தில் 'சர்வருடன் தொடர்பு இல்லை' என்று திரையில் வந்தால் வரவேற்பு மேஜையில் இருக்கும் தம்பி யாரைக் கூப்பிடுவான்? தினமும் சர்வரைக் கேட்கும் முறையை இங்கே விற்கவே கூடாது. முதல்முறை மட்டும் இணையம் கேட்டு, அப்புறம் ஒரு மாதமாவது தொடர்பில்லாமல் ஓட விட்டால் பரவாயில்லை.

மூன்றாவது, கையொப்பமிட்ட லைசென்ஸ் கோப்பு. இந்த ஊருக்கு என் தேர்வு இதுதான். செட்டப் முடிந்ததும் புரோகிராம் அந்தக் கம்ப்யூட்டரின் அடையாள எண்ணைக் காட்டும். வாடிக்கையாளர் அதை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். நம்மிடம் உள்ள ரகசியச் சாவியால் டிஜிட்டல் கையொப்பமிட்டு ஒரு சின்னக் கோப்பைத் திருப்பி அனுப்புவோம். புரோகிராமுக்குள் இருப்பது பொதுச் சாவி மட்டும். அதை வைத்துச் சரிபார்க்கலாம், புதிய லைசென்ஸ் தயாரிக்க முடியாது. அந்தக் கம்ப்யூட்டரில் இணையம் வேண்டாம், கூரியரும் வேண்டாம். புரோகிராமையே உடைத்துத் திருத்தினால் தாண்டலாம் என்பது உண்மை. மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்தில் எழுதியதை இன்னும் எளிதாகப் பிரித்துப் படிக்கலாம். ஆனால் அது மூன்று முறைக்கும் பொதுவான குறை.

இதில் வில்லங்கம் அடையாள எண்ணில்தான். நம்மூர்க் கடைகளில் பாகங்களைச் சேர்த்துத் தரும் அசெம்பிள்ட் கம்ப்யூட்டர்களின் மதர்போர்டு சீரியலைக் கேட்டுப் பாருங்கள். பலவற்றில் 'டு பி ஃபில்டு பை ஓஇஎம்' என்றே பதில் வரும், அதாவது தயாரித்தவர் எண்ணையே நிரப்பவில்லை. அதை மட்டும் நம்பினால் ஒரே லைசென்ஸ் பத்துக் கடைகளில் ஓடும். விண்டோஸ் தரும் பிராசஸர் எண்ணும் ஒரே மாடலுக்கு ஒன்றாகத்தான் இருக்கும். நெட்வொர்க் கார்டின் மேக் எண், யுஎஸ்பி வைஃபை மாற்றினாலே மாறிவிடும். சி டிரைவின் வால்யூம் எண்ணை ஃபார்மேட் மாற்றிவிடும். ஹார்ட் டிஸ்க்கின் சொந்த சீரியல் நிற்கும். ஆகவே மூன்று நான்கு விவரங்களைச் சேர்த்து, பெரும்பாலானவை பொருந்தினால் போதும் என்று வைக்க வேண்டும். வேலூர் மே மாத வெயிலிலும் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்திலும் மதர்போர்டு போவது சாதாரணம். அப்போது புதிய கோப்பை அன்றைக்கே, கேள்வி கேட்காமல் தர வேண்டும்.

லேன் (அலுவலக உள் நெட்வொர்க்) சர்வரில் ஐந்து பேருக்குப் பொதுவாக வைக்கும் லைசென்ஸ் ஆம்பூர் ஷூ தொழிற்சாலை அலுவலகம் போன்ற இடங்களுக்குப் பொருந்தும். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத இடத்தில் வேண்டாம்.

இனி செட்டப், அதாவது புரோகிராமைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் கோப்பு. மைக்ரோசாஃப்டின் புதிய செட்டப் வடிவமான எம்எஸ்ஐஎக்ஸ் சுத்தமாக ஏறும், சுத்தமாக இறங்கும். ஆனால் விண்டோஸின் உள்மையத்தில் ஓடும் கெர்னல் டிரைவரை அதற்குள் வைக்க முடியாது, அதனால் டிரைவர் கேட்கும் டாங்கிளோடு சேராது. பேக்கேஜின் சொந்த டேட்டாவில் லைசென்ஸை எழுதியிருந்தால் நீக்கும்போது அதுவும் போய்விடும். பழைய வடிவமான எம்எஸ்ஐ, ஐடி பிரிவு வைத்து நூறு கம்ப்யூட்டருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் நிறுவனத்துக்கு. மற்ற எல்லோருக்கும் இன்னோ செட்டப் என்ற கருவியில் செய்த ஒற்றை இஎக்ஸ்இ போதும்.

அதில் ஒரு இடத்தில் மட்டும் கவனம். லைசென்ஸை ஒவ்வொரு யூசருக்கும் தனியான ஆப்டேட்டா ஃபோல்டரில் எழுதினால், பகலில் ஒருவர் பெயரிலும் இரவில் இன்னொருவர் பெயரிலும் லாகின் செய்யும் லாட்ஜில் இரவு ஆளுக்கு 'லைசென்ஸ் இல்லை' என்று வரும். எல்லா யூசருக்கும் பொதுவான புரோகிராம்டேட்டா ஃபோல்டரில் வையுங்கள், சாதாரண யூசரும் அந்தக் கோப்பை மாற்ற, செட்டப்பிலேயே அனுமதி கொடுங்கள்.

இஎக்ஸ்இ-க்கு, யார் தயாரித்தது என்று காட்டும் கோட் சைனிங் சான்றிதழ் வாங்கிவிடுவதும் நல்லது. கையொப்பம் இல்லாவிட்டால் விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் பாதுகாப்பு நீல எச்சரிக்கை காட்டும். புதிய சான்றிதழிலும் நற்பெயர் சேரும்வரை அது வரலாம் என்று வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். 2023 ஜூன் முதல் இந்தச் சான்றிதழின் சாவியை ஹார்டுவேர் டோக்கனிலோ அதற்கு நிகரான பாதுகாப்பான கருவியிலோதான் வைக்க முடியும். அந்தச் செலவை விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். காப்பி பயத்தில் இஎக்ஸ்இ-யைச் சுருக்கி மறைக்கும் கருவிகளைப் போடாதீர்கள்; ஆன்டிவைரஸ் அதை வைரஸ் என்று பிடித்து அழித்துவிடக்கூடும், காசு கட்டியவர்தான் மாட்டிக்கொள்வார்.