பேச்சைத் தணிக்கத் தெரிந்த கருவி: டெலிகிராம் குழு வசதிகள் பற்றி ஒரு நிர்வாகியின் மதிப்புரை

மொழிபெயர்ப்பில் ஈடுபாடு கொண்டவர்கள் கூடிப் பேசும் ஓர் இணையக் குழுவை நான்கு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். 30 பேருடன் தொடங்கிய குழு இப்போது 600 பேரைத் தாண்டிவிட்டது. இந்தக் காலம் முழுவதும் நாங்கள் புழங்கியது டெலிகிராமில்தான். அந்தச் செயலியைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் அதன் வேகத்தையும் ஸ்டிக்கர்களையும் பெரிய கோப்புகளை அனுப்பும் வசதியையும் பேசுகின்றன. ஒரு குழுவைப் பொறுப்பேற்று நடத்துபவருக்கு அவையெல்லாம் இரண்டாம்பட்சம். முன்பின் பார்த்திராத நூற்றுக்கணக்கானவர்கள் ஒருவரையொருவர் மதித்துப் பேசுவதற்கு இந்தக் கருவி எவ்வளவு துணைநிற்கிறது, எங்கே போதாமல் போகிறது என்ற கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

2013இல் பாவெல் துரோவ், நிக்கோலாய் துரோவ் சகோதரர்கள் தொடங்கிய டெலிகிராமில், ஒரு குழுவில் 2,00,000 பேர் வரை சேரலாம். பலர் இந்த எண்ணைப் பார்த்தே குழு தொடங்குகிறார்கள். ஆனால் ஆள் சேர்ப்பது எளிது. சேர்ந்தவர்கள் வாய்விட்டுப் பேசும் சூழலைக் காப்பதுதான் அன்றாட உழைப்பைக் கேட்கிறது. அந்த உழைப்பில் எனக்குப் பெருந்துணையாக வந்தது 2019இல் அறிமுகமான 'ஸ்லோ மோட்'. நிர்வாகி இதை இயக்கிவிட்டால், ஓர் உறுப்பினர் ஒரு செய்தியை அனுப்பியபின், குறிக்கப்பட்ட நேரம் கழியும்வரை அடுத்த செய்தியை அனுப்ப முடியாது. சில விநாடிகளில் தொடங்கி ஒரு மணி நேரம் வரை இந்த இடைவெளியை வைக்கலாம். காத்திருக்க வேண்டிய நேரம் அனுப்பும் பொத்தான் இருக்கும் இடத்திலேயே குறைந்துகொண்டே வருவது தெரியும்.

இதன் அருமையை ஒரு சச்சரவின்போதுதான் உணர்ந்தேன். மூலத்திலுள்ள வசைச்சொற்களை மொழிபெயர்ப்பில் மென்மையாக்கலாமா என்று இரண்டு மூத்த உறுப்பினர்களுக்குள் வாதம் எழுந்தது. ஒரு மணி நேரத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட செய்திகள் குவிந்தன; பெரும்பாலானவை நான்கைந்து சொற்களுக்கு மேல் போகவில்லை. மற்றவர்கள் எல்லோரும் வாயடைத்து நின்றார்கள். அப்போது ஐந்து நிமிட இடைவெளியை இயக்கினேன். யாரையும் கண்டிக்கவில்லை, ஒரு பதிவையும் அழிக்கவில்லை. அடுத்த அரை மணி நேரத்தில் அதே இருவரும் பத்திகளாக எழுதத் தொடங்கினார்கள், எடுத்துக்காட்டுகள் வந்தன, 'நீங்கள் சொன்ன இரண்டாவது கருத்தை ஏற்கிறேன்' என்ற வரி வந்தது. இடையில் மூன்றாமவர் ஒருவர் தம் அனுபவத்தைச் சொல்ல இடம் கிடைத்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் பேசலாம் என்றானதும், வாய்ப்பை வீணாக்கக் கூடாது என்ற கவனம் தானாக வந்துவிடுகிறது.

இணைய நடத்தைக்கு வழிகாட்டியாக 1995 அக்டோபரில் வெளியான ஆர்எஃப்சி 1855 என்ற ஆவணம், உணர்ச்சி பொங்கும் பதிலை எழுதினால் ஓர் இரவு பொறுத்திருந்து அனுப்பும்படி அறிவுறுத்தியது. அன்று அது தனிமனிதரின் கட்டுப்பாட்டை நம்பிச் சொல்லப்பட்ட யோசனை. அதில் ஒரு சிறு பகுதியையாவது ஒரு பொத்தானாக மாற்றித் தந்திருப்பதற்காகவே டெலிகிராமைப் பாராட்டுவேன்.

ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. ஸ்லோ மோட் நிர்வாகிகளைக் கட்டுப்படுத்துவதில்லை. உறுப்பினர்கள் காத்திருக்கும்போது நிர்வாகி மட்டும் அடுத்தடுத்து எழுதினால், நடுவராக இருக்க வேண்டியவரே கட்சிக்காரர் ஆகிவிடுகிறார். எங்கள் குழுவில் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறோம்: ஸ்லோ மோட் இயங்கும் நேரத்தில் நிர்வாகிகள் அந்த விவாதத்தில் கருத்துச் சொல்லக் கூடாது, நெறிப்படுத்த மட்டுமே எழுதலாம். இதைச் செயலியே செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்து, கண்டிக்கும் வழிமுறைகள். பல குழுக்களில் நிர்வாகியின் கையில் இரண்டே ஆயுதங்கள் இருக்கும்: பொறுத்துக்கொள்வது, அல்லது வெளியேற்றுவது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடத்தைத்தான் டெலிகிராம் அகலமாகத் தந்திருக்கிறது. ஒருவர் எழுதுவதைச் சில மணி நேரத்துக்கோ சில நாள்களுக்கோ நிறுத்திவைக்கலாம். அவர் வாசிக்கலாம், குழுவில் நீடிக்கலாம். படங்களையும் இணைப்புகளையும் மட்டும் தடுத்து, எழுத்தை அனுமதிக்கலாம். தம் நூல் விற்பனை இணைப்பைத் தினமும் ஒட்டிக்கொண்டிருந்த ஓர் உறுப்பினருக்கு, முதலில் தனிச்செய்தியில் இருமுறை எடுத்துச் சொன்னேன். பயனில்லாமற் போனபின் இணைப்பு அனுப்பும் உரிமையை மட்டும் ஒரு வாரத்துக்கு நிறுத்தினேன். நிர்வாகிகளைத் தவிரக் குழுவில் வேறு யாருக்கும் அது தெரியாது. சபையில் அவமானப்படாதவர் திரும்பிவர வழி இருக்கிறது. அவர் திரும்பி வந்தார், இன்று புதியவர்களின் வரைவுகளைத் திருத்திக் கொடுப்பவர்களில் அவரும் ஒருவர்.

நிர்வாகிகள் யார் எந்தப் பதிவை நீக்கினார்கள், யாருக்குத் தடை விதித்தார்கள் என்பதைக் கடந்த 48 மணி நேரத்துக்குக் காட்டும் ஒரு பட்டியலும் உண்டு. நிர்வாகிகள் மட்டுமே அதைப் பார்க்க முடியும். நாங்கள் ஐந்து பேர் இந்தப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்வதால், ஒருவர் அவசரப்பட்டு நீக்கியதை இன்னொருவர் கண்டு கேட்க இது உதவுகிறது. 48 மணி நேரம் எனக்குப் போதவில்லை. வார இறுதியில் நடந்ததைத் திங்கட்கிழமை மாலை பார்க்க முயன்றால் பாதி மறைந்திருக்கும்.

நான் முற்றாக மறுக்கும் வசதி ஒன்று இருக்கிறது. 2020இல் வந்த 'பெயரிலா நிர்வாகி' அமைப்பின்படி, நிர்வாகி தம் பெயரை மறைத்துக்கொண்டு குழுவின் பெயரிலேயே எழுதலாம். அடக்குமுறைக்கு அஞ்சிக் கூடுபவர்களுக்கு இது உயிர்காக்கும் வசதி என்பதை அறிவேன். ஆனால் எங்களைப் போன்ற வாசிப்புக் குழுக்களில் இதை இயக்குவது தவறு என்றே கருதுகிறேன். 'இப்படி எழுதாதீர்கள்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு முகம் இருக்க வேண்டும். முகமற்ற கண்டிப்புக்கு எவரும் விளக்கம் சொல்ல முடியாது, வருத்தம் தெரிவிக்க முடியாது, 'என் பக்கத்தையும் கேளுங்கள்' என்று முறையிட முடியாது. நாங்கள் சில வாரங்கள் சோதனையாக இதைப் பயன்படுத்தியபோது, எங்களிடம் தனியாக வந்து ஐயம் கேட்பவர்களின் எண்ணிக்கை கண்கூடாகக் குறைந்தது. பெயர்களைத் திரும்ப வெளியிட்ட பிறகுதான் அந்தப் போக்குவரத்து மீண்டது.

புதியவர்களை வரவேற்கும் முறையில் டெலிகிராம் ஏனைய பல செயலிகளைவிட முன்னே நிற்கிறது. தாம் சேர்வதற்கு முன் நடந்த பழைய உரையாடல்களையும் புதியவர் வாசிக்கும்படி வைக்கலாம். அழைப்பின் வழியே மட்டும் சேரக்கூடிய தனிக்குழுவாக இருந்தால் இதற்கென உள்ள அமைப்பை நிர்வாகி மாற்றிக்கொள்ள வேண்டும். குழு தொடங்கும் எவரும் முதல் நாளே இதைச் செய்துவிட வேண்டுகிறேன். நான் மேலே சொன்ன ஆவணம், ஓர் இடத்தில் எழுதத் தொடங்கும் முன் ஒன்றிரண்டு மாதங்கள் அங்கு நடப்பதை வாசிக்கச் சொல்கிறது. பழைய பேச்சு மறைக்கப்பட்டிருக்கும் இடத்தில் அந்த அறிவுரையை எவரால் பின்பற்ற முடியும்? வரலாறு திறந்திருந்தால், இங்கு எப்படிப் பேசுகிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள், எதைப் பொறுப்பதில்லை என்பதை விதிப்பட்டியலின் துணையின்றியே புதியவர் கற்றுக்கொள்கிறார். விதிகளை உரையாடலின் மேலே எப்போதும் தெரியும்படி 'பின்' (pin) செய்தும் வைத்திருக்கிறோம். பன்னிரண்டு விதிகள் இருந்தபோது எவரும் படிக்கவில்லை. நான்காகக் குறைத்தபின் உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் நினைவூட்டுகிறார்கள்.

சேர விரும்புபவர் விண்ணப்பித்து நிர்வாகி ஒப்புக்கொண்டபின் உள்ளே வரும் ஏற்பாடும் இருக்கிறது. அழைப்பு இணைப்புக்குக் கெடு வைக்கலாம், எத்தனை பேர் அதன் வழியே வரலாம் என்றும் வரையறுக்கலாம். ஒரே நாளில் இருநூறு பேர் வந்து சேரும் குழுவில் பழைய உறுப்பினர்களின் பழக்கம் புதியவர்களைச் சென்றடைய நேரமிருக்காது என்பதால், வாரத்துக்கு இருபது பேருக்கு மேல் நாங்கள் சேர்ப்பதில்லை.

2022 நவம்பரில் வந்த 'டாபிக்ஸ்' வசதி ஒரே குழுவைத் தலைப்புவாரியாகப் பிரிக்கிறது. பெரிய குழுக்களுக்கு அது தேவைதான். எங்களைவிடச் சிறிய ஒரு தோழமைக் குழுவினர் இதை இயக்கிப் பார்த்தார்கள். ஆறு தலைப்புகளில் ஐந்து ஆளில்லா அறைகளாகக் கிடந்தன. பேச்சு ஓடும் இடத்தில் மட்டும் வாய்க்கால் வெட்டுவது நல்லது.

சிறியதானாலும் எனக்கு மிகவும் பிடித்தது ஒலியின்றி அனுப்பும் வசதி. அனுப்பும் பொத்தானைச் சற்று அழுத்திப் பிடித்தால், பெறுபவரின் கைபேசி ஒலிக்காதபடி செய்தியை அனுப்பலாம். வெவ்வேறு நேர வலயங்களில் வாழ்பவர்கள் சேர்ந்திருக்கும் குழுவில், பின்னிரவில் தோன்றிய ஒரு சொல்லைப் பகிர்ந்துகொள்ளவும் வேண்டும், உறங்குபவரை எழுப்பவும் கூடாது. தன் ஒலியைத் தானே அணைத்துக்கொள்ளும் பொறுப்பைப் பெறுபவர்மேல் சுமத்தாமல் அனுப்புபவரிடம் தந்திருப்பது மிக நாகரிகமான எண்ணம். இப்படியொரு வசதி இருப்பதே பலருக்குத் தெரியாது. எங்கள் நான்கு விதிகளில் ஒன்றாக இதைச் சேர்த்திருக்கிறோம்.

பாதுகாப்பு விஷயத்தில் தயக்கமின்றிச் சொல்ல வேண்டியவை உள்ளன. டெலிகிராமின் குழு உரையாடல்கள் முனைக்கு முனை மறையாக்கம் பெற்றவை அல்ல; அதாவது, பேசுபவர்களைத் தவிர நிறுவனம் உட்பட வேறு எவராலும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டவை அல்ல. இருவருக்கு இடையிலான 'ரகசிய உரையாடல்' மட்டுமே அவ்வகையில் அமைந்தது. எனவே உடல்நலம், குடும்ப வன்முறை போன்ற நுண்மையான துயரங்களைப் பகிரும் ஆதரவுக் குழுக்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தொலைபேசி எண்ணைக் காட்டாமல் பயனர் பெயரோடு பேச முடிவது குறிப்பாகப் பெண்களுக்குப் பெரிய ஆறுதல். அதே வசதியைப் பயன்படுத்தி நிர்வாகியின் படத்தையும் பெயரையும் ஒட்டிக்கொண்டு உறுப்பினர்களிடம் பணம் கேட்கும் ஏமாற்றுக்காரர்களும் உலவுகிறார்கள். 'நிர்வாகிகள் எவரும் உங்களுக்குத் தனிச்செய்தியில் முதலில் வந்து பணமோ கடவுச்சொல்லோ கேட்க மாட்டார்கள்' என்ற வரியைப் பின் செய்த பதிவின் முதல் வரியாக வையுங்கள். 100 பேருக்கு மேற்பட்ட குழுக்களில் உறுப்பினர் பட்டியலை மறைக்கும் வசதி உள்ளது, அதையும் இயக்கிவிடுங்கள்.

முப்பது பேரில் தொடங்கி ஆயிரம் பேர் வரை வளரக்கூடிய, ஒரு பொருளைச் சுற்றிக் கூடும் வாசகர்களுக்கும் கலைஞர்களுக்கும் மாணவர்களுக்கும் டெலிகிராம் நல்ல தேர்வு. ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். குறைத்த ஒரு மதிப்பெண், நிர்வாகிக்குக் கொடுத்திருக்கும் அதிகாரத்தின்மேல் உறுப்பினர்களுக்கு எந்தப் பிடியும் தராததற்கானது. குழுவின் உரிமை ஒரே கணக்கிடம் இருக்கிறது. அதை வேறொரு நிர்வாகிக்கு மாற்றித்தர இயலும், ஆனால் உரிமையாளரின் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பு ஏழு நாள்களுக்கு மேலாக இயக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அந்தச் சரிபார்ப்பை நான் முன்பே இயக்கி வைத்துவிட்டேன். கணினிச் செயலியின் வழியே நான்கு ஆண்டு உரையாடலையும் தரவிறக்கி மூன்று பேரிடம் பிரதி கொடுத்திருக்கிறேன். வரும் ஆண்டுத் தொடக்கத்தில் உரிமை என்னிடமிருந்து எங்களில் மிகக் குறைவாகப் பேசி மிகக் கவனமாக வாசிக்கும் ஒருவரிடம் போகிறது. யாரிடம் தருவது என்பதை உறுப்பினர்கள் வாக்கெடுப்பில் தீர்மானித்தார்கள்.